இருபத்தாறாயிரத்து நானூற்று முப்பத்தைந்து வரை

தொழிற்சாலையில் அவரை மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கினால் கிடைக்கும் ஒரு துண்டுக்கு அந்தப் பெயர். இரும்புத் தகடுகளைத் தேய்த்து மட்டமாக்கும் கிரைண்டிங் மெஷினில் பதினான்கு வருடம் நின்றவர், அந்தத் துண்டுக்கும் குறைவான விஷயங்களில்கூடச் சந்தேகப்படுவார். கடைக்காரர் ஒரு கிலோ என்றால் குனிந்து தராசின் அடியைப் பார்ப்பார். மனைவி காபி சூடாக இருக்கிறது என்றால் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

அவர் தேய்த்த தகடு எதுவும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. அதனால் அலுவலகத்தில் அவரைப் பற்றி ஒரு குறிப்பும் கிடையாது. திரும்பி வந்த தகடுகளுக்குத்தான் அங்கே கோப்பு திறப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, உற்பத்தித் தொழில்நுட்பர் சான்றிதழ் பெற்றவர்களோ, அதைப் பெறுவதற்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களோ மட்டுமே இயந்திரங்களைத் தொடலாம். மற்றவர்கள் பேக்கிங் பிரிவில் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வார்கள்.

அன்று மாலை மனிதவள அதிகாரி எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து விளக்கினார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். வேலையைவிட்டு அனுப்பும்போதுகூடத் தோளில் கை வைப்பார்.

"உங்ககிட்ட இருக்கிறது திறமைன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அது திறமை இல்ல, பழக்கம். திறமைன்னா அது காகிதத்துல இருக்கணும். கையில இருக்கிறதை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது, சொல்லுங்க? என்னையே எடுத்துக்கங்க. எட்டு வருஷமா இங்க இருக்கேன். ஒரு நாளாவது மெஷின் பக்கம் வந்திருக்கேனா? ஏன் வரல? என்கிட்ட சான்றிதழ் இல்ல. அந்த ஒழுக்கம் உங்களுக்கும் வரணும்."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை. கேன்டீனில் கொசு அதிகம்.

கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கொரு விளம்பரத் தாள் கொடுத்தார்கள். பயிற்சி நிலையத்தின் தாள் அது. பளபளப்பான காகிதத்தில் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மாதம், மாலை வகுப்பு. கட்டணம் அறுபத்து நான்காயிரம். தேர்வுக் கட்டணம் தனி, சான்றிதழைப் போட்டுவைக்கும் உறை தனி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: மாதம் 26,435 வரை சம்பாதியுங்கள்.

மைக்ரானை அந்த முப்பத்தைந்து உறுத்தியது. பொய் சொல்கிறவர்கள் முழு எண்ணாகச் சொல்வார்கள், இருபத்தைந்து என்பார்கள், முப்பது என்பார்கள். முப்பத்தைந்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவனிடம் எங்கேயோ ஒரு துண்டு உண்மை இருக்க வேண்டும். லாக்கரைத் திறந்து பழைய சம்பளச் சீட்டுகளைப் புரட்டினார். மூன்று வருடத்துக்கு முன் பெரிய ஆர்டர் வந்த மாதம். நான்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, தினமும் மூன்று மணி நேரம் ஓவர்டைம். அந்த ஒரு மாதம் மட்டும் அவர் வாங்கியது இருபத்தாறாயிரத்து நானூற்று முப்பத்தைந்து. கடைசி முப்பத்தைந்து, கை கழுவும் சோப்புக்கான படி.

வீட்டில் மனைவி பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அளவு நாடா கழுத்தில் தொங்கியது. தாளையும் சம்பளச் சீட்டையும் தையல் மெஷின் மேல் அருகருகே வைத்தார்.

"பாரு. இதுல இருக்கிறது நான்தான்."

"தொப்பி போட்டுக்கிட்டுச் சிரிக்கிறாரே, இவரா? உங்களுக்கு இவ்வளவு பல் கிடையாதே."

"ஆள் இல்ல. அந்தச் சம்பளம்."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"ஏங்க, அப்போ அறுபத்து நாலாயிரம் கட்டி ஒன்பது மாசம் படிச்சா, உங்க சம்பளத்தை உங்களுக்கே தருவாங்களா?"

"தருவோம்னு சொல்லல. அது வரைக்கும்னு சொல்றாங்க."

"அதுக்கு மேல?"

"மேல போனா அது எப்படி 'வரை' ஆகும்?"

"சரி, கீழ?"

"அதைத்தான் எழுதல. எங்க ஷாப்புக்கு எந்த அளவுக்குத் தேய்க்கணும்னு ஒரு டிராயிங் வந்தா மேல் அளவும் இருக்கும், கீழ் அளவும் இருக்கும். ஒண்ணை மட்டும் போட்டு அனுப்பினா அந்தக் காகிதத்தை நாங்க கையால தொட மாட்டோம்."

வீட்டில் அறுபத்து நான்காயிரம் இல்லாமல் இல்லை. மகள் அடுத்த வருடம் கல்லூரியில் சேர்வதற்காக வைத்திருந்த பணம் அது. மகள் அடுத்த அறையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி அங்கதானே படிச்சான்," என்றாள் மனைவி. "அவனைக் கேளுங்க. நல்லாத்தான் இருக்கான்."

மச்சானைத் தொலைபேசியில் கேட்டார். "போகுது மாமா," என்றான். எவ்வளவு என்று கேட்டதற்கு, "நல்லாவே போகுது மாமா," என்றான். இது அளவு இல்லை என்று மைக்ரானுக்குத் தெரியும். விடுமுறை எடுத்துக்கொண்டு நேரே பயிற்சி நிலையத்துக்குப் போனார்.

மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. வரவேற்பறையில் பல்சக்கர வடிவத்தில் டை பின் குத்திய ஆலோசகர் ஒருவர் எழுந்து நின்று கை கொடுத்தார். விட மறந்துவிட்டார்.

"கீழ் எல்லை எவ்வளவுங்க?" என்றார் மைக்ரான்.

"எதுக்கு சார் கீழ்?"

"வரைன்னு போட்டிருக்கீங்க. எதுலேர்ந்து வரை?"

ஆலோசகர் அவரைப் பரிவோடு பார்த்தார். "சார், நாங்க இங்க கீழன்னு ஒண்ணை யோசிக்கிறதே இல்ல. அது மனசைப் பாதிக்கும். எங்க மாணவர்கள் மேலதான் பார்ப்பாங்க. கீழ பார்த்தா கட்டணம் கட்டுவாங்களா?"

"படிச்சவங்க எல்லாருக்கும் வேலை கிடைச்சுதா?"

"தொண்ணூத்து நாலு சதவீதம்."

"எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

"சேரும்போதே வேலையில இருக்கிறவங்களைத்தான் நாங்க பெரும்பாலும் சேர்த்துக்குவோம். உதாரணத்துக்கு உங்களையே எடுத்துக்கங்க. நீங்க வேலையில இருக்கீங்க. இன்னைக்குப் பணம் கட்டினா இன்னைக்கே உங்களுக்கு வேலை கிடைச்ச மாதிரி. வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடியே எங்க பயிற்சி பலன் கொடுத்திடும். இந்த வசதி வேற எங்கயும் கிடையாது."

அடுத்து ஒரு படிவம் கொடுத்தார். அறிவியல் முறைப்படி எதிர்கால வருமானத்தைக் கணிக்கும் படிவம். அதில் ஒரு கட்டத்தில், நீங்கள் எதிர்பார்க்கும் சம்பளம் என்று இருந்தது. மைக்ரான் சிறிது யோசித்து எழுபத்தோராயிரத்து மூன்று என்று எழுதினார். ஆலோசகர் அதை உள்ளே கொண்டுபோனார். இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது, மின்விசிறியாகவும் இருக்கலாம். பிறகு முத்திரை குத்திய தடித்த அட்டை ஒன்று வந்தது. கணிக்கப்பட்ட எதிர்கால வருமானம்: 71,003.

"சந்தோஷமா சார்?" என்றார் ஆலோசகர்.

"மூணு எதுக்குன்னு யாரும் கேக்கலையா?"

"அறிவியலை நாங்க கேள்வி கேக்கிறது இல்ல."

கடைசியாகச் செய்முறைக் கூடத்தைக் காட்டினார்கள். ஒரே ஒரு கிரைண்டிங் மெஷின், பூட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றது. சாவி இயக்குநரிடம். இயக்குநர் பாராட்டு விழா ஒன்றுக்குப் போயிருந்தார், அவருக்கான பாராட்டு. மெஷினில் பொருத்தும் தேய்ப்புக் கல் மட்டும் தனியாகச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. மைக்ரான் அதைக் கழற்றி, நடுத்துளையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினார். நல்ல கல் மணிபோல ஒலிக்கும். இது டொப் என்றது.

"இது விரிசல் விட்ட கல்லுங்க. சுத்தினா வெடிக்கும். எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி இருக்காது."

"கல்லைத் தட்டிப் பாக்கிறது ஆறாவது மாசப் பாடம் சார்," என்றார் ஆலோசகர். "நீங்க முதல் நாளே தட்டுறீங்க. தவிர, இது பயிற்சிக் கல். இது சுத்தாது. சுத்தாததால வெடிக்காது. எங்ககிட்ட இதுவரைக்கும் ஒரு விபத்துகூட நடந்தது இல்ல, தெரியுமா?"

மறுநாள் மைக்ரான் மனிதவள அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், சான்றிதழ் வாங்கிட்டா என் சம்பளம் எவ்வளவு கூடும்?"

அதிகாரி எழுந்து வந்து தோளில் கை வைத்தார். மைக்ரான் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"சான்றிதழ் வாங்கின தேதிதான் உங்க பிறந்த தேதி. அன்னையிலேர்ந்து நீங்க புதுத் தொழில்நுட்பர். புதுசா வர்றவங்களுக்குத் தொடக்க நிலைச் சம்பளம்."

"அப்போ பதினாலு வருஷம்?"

"அது சான்றிதழுக்கு முந்தைய காலம். அதை நாங்க ரொம்ப மதிக்கிறோம். கணக்குல மட்டும் எடுத்துக்க மாட்டோம்."

"தொடக்க நிலை எவ்வளவு சார்?"

"அது ரகசியம். வெளிய தெரிஞ்சா மத்தவங்க ஆசைப்படுவாங்க."

"ஆசைப்படுற அளவுக்கா?"

அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான் சேரலன்னா?"

"பேக்கிங்." அதிகாரி குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அங்க ஒரு சங்கடம். பேக்கிங்குக்குச் சான்றிதழே கிடையாது. இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. அதனால அங்க அனுபவத்தைத்தான் கணக்குல எடுத்தாகணும். இப்ப வாங்குற சம்பளத்தையே உங்களுக்குக் கொடுத்துத் தொலைக்கணும். மன்னிச்சுக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தான். அக்காள் அவனை நேரே தையல் மெஷின் முன்னால் உட்காரவைத்தாள்.

"உன் சம்பளச் சீட்டை எடு."

"எதுக்குக்கா? நல்லாதான் போகுது."

"நல்லாப் போறது எவ்வளவுன்னு உன் மாமாவுக்கு அளவு வேணுமாம். எடுடா."

அவன் பர்ஸின் அடிமடிப்பிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தான். ஒன்பதாயிரத்து எண்ணூறு.

"ஒரு வருஷமா ஏண்டா சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? சேரும்போது நீதானே தெரு முழுக்க இருபத்தாறாயிரம்னு சொன்ன. அந்த நிலையத்துல பாராட்டு விழா வேற நடத்திட்டாங்க. மேடையில ஏத்தி மாலை போட்ட பிறகு யாருகிட்டப் போய் ஒன்பதுன்னு சொல்றது?" அவன் மைக்ரானைப் பார்த்தான். "நாங்க முப்பது பேரும் இப்படித்தான் மாமா. எவனும் எவன்கிட்டயும் கேக்கறதில்ல."

மைக்ரான் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் கீழ் அளவு கிடைத்துவிட்டது. கிடைத்தபோது அவருக்கு ஒரு சந்தோஷமும் ஏற்படவில்லை.

மச்சான் போன பிறகு மனைவி சொன்னாள்: "பெட்டி ஒட்டுங்க."

"கல்லு தகட்டைத் தொடுற சத்தத்துலயே எத்தனை மைக்ரான் போகுதுன்னு எனக்குத் தெரியும். பெட்டி ஒட்டுறதுல என்ன சத்தம் இருக்கு?"

"டேப்பு கிழிக்கிற சத்தம்."

"அதை வச்சு என்ன பண்றது?"

"பொண்ணைப் படிக்கவைக்கிறது."

அடுத்த மாதம் முதல் தேதி மைக்ரான் பேக்கிங் பிரிவுக்குப் போனார். முதல் வாரத்தில் எல்லாப் பெட்டிகளுக்கும் டேப்பை ஒரே நீளத்தில் வெட்டினார். இரண்டாவது வாரத்தில் பெட்டிகள் சதுரமாக இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரத்தில் எதுவும் செய்யவில்லை. ஒட்டினார், அவ்வளவுதான். சாப்பாட்டு வேளையில் வழக்கமான வழியை விட்டுவிட்டு கிரைண்டிங் பிரிவைச் சுற்றிக்கொண்டு போனார். அவருடைய மெஷினில் புதிதாக வந்த இரண்டு சான்றிதழ்க்காரர்கள் நின்றார்கள். கெட்டவர்கள் இல்லை. கண்ணாடிக் கூண்டு இல்லாமல் மெஷினைப் பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல்முறை, அவ்வளவுதான். கல்லின் சத்தம் சுவருக்கு அப்பாலிருந்தே மைக்ரானின் பல்லைக் கூசவைத்தது.

தகடுகள் திரும்பி வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் கோப்பு திறக்கப்பட்டது. கிரைண்டிங் பிரிவு இப்போதுதான் முறையாக ஆவணப்படுத்தப்படுகிறது என்று மனிதவள அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பாராட்டியது.

ஆகவே மைக்ரானைத் திரும்பக் கூப்பிடும் தேவை தொழிற்சாலைக்கு இருக்கவில்லை. தேவை வேறு இடத்தில் வந்தது.

பயிற்சி நிலையம் தன் விளம்பரத் தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் அங்கீகார வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் கண்டிப்பானது. தாளில் போட்டிருக்கும் சம்பளத்தை, இன்னும் அந்தத் தொழிலிலேயே உயிரோடு இருக்கும் ஒரு நபராவது ஒரு மாதமாவது வாங்கியிருக்க வேண்டும். இவ்வளவு காலமும் அந்த நபர் மைக்ரான். இப்போது அவர் பதிவேட்டில் பெட்டி ஒட்டுபவர். கிரைண்டிங் மெஷினில் நிற்கிறவர்களில் அதிகபட்சச் சம்பளம் ஒன்பதாயிரத்து எண்ணூறு.

இயக்குநரே நேரில் வந்தார். மனிதவள அதிகாரி பின்னால் வந்தார். இருவருக்கும் உட்கார இடம் இல்லாததால் பெட்டிக் கட்டுகள் மேல் உட்கார்ந்தார்கள்.

"நீங்க எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு எங்களுக்கே இப்பத்தான் தெரியுது," என்றார் இயக்குநர். "நீங்க இல்லாம புதுத் தாள்ல ஒன்பதாயிரத்து எண்ணூறு வரைன்னு போட வேண்டியிருக்கு."

"மேல் அளவும் கீழ் அளவும் ஒண்ணா வந்துடுச்சா?" என்றார் மைக்ரான். "இவ்வளவு துல்லியமா எங்க ஷாப்புல யாரும் வேலை செஞ்சதே இல்லீங்க."

இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "உங்களுக்குக் கௌரவச் சான்றிதழ் தர்றோம். கட்டணம் கிடையாது, படிப்பு கிடையாது, தேர்வு கிடையாது. நேர்மையாச் சொன்னா, மத்தவங்களுக்கும் உங்களுக்கும் கட்டணத்துல மட்டும்தான் வித்தியாசம்."

"மெஷின்?"

"உங்க மெஷின். உங்க பழைய சம்பளம். பிறந்த தேதியும் பழசுதான்," என்றார் அதிகாரி. "எழுதியே கொடுத்திடறேன்."

மைக்ரான் டேப்பைக் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் செய்யணும். தாள்ல கீழ் அளவையும் போடணும். ஒன்பதாயிரத்து எண்ணூறுலேர்ந்துன்னு."

இயக்குநருக்கு வேர்த்தது. "போடலாம் சார். போடக் கூடாதுன்னு இல்ல. உண்மைதானே. ஆனா உண்மையைப் போட்டா யாரு வருவா? யாரும் வரலன்னா நிலையம் எப்படி ஓடும்? நிலையம் ஓடலன்னா இந்த உண்மையைச் சொல்றதுக்குத்தான் யாரு இருப்பா?"

சுவருக்கு அப்பால் யாரோ கல்லைத் தகட்டில் வேகமாக இறக்கினார்கள். வீறிட்ட அந்தச் சத்தத்தில் நூறு மைக்ரானாவது போயிருக்கும். அவர் எழுந்தார்.

"எழுதிக் கொடுங்க," என்றார்.

நான்கு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை மனைவி அந்தத் தாளைப் பார்த்தாள். "கீழ் அளவு?" என்றாள். "போட மாட்டாங்களாம்," என்றார். அன்று காபி சூடாக இல்லை. அவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

புதிய தாள் வெளியானது. மஞ்சள் தலைக்கவசக்காரரின் இடத்தில் மைக்ரான் இருந்தார். சிரிக்கச் சொன்னார்களாம், கேமராவைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். நிலையம் இன்னொரு புதுமையும் செய்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சேர விரும்புகிறவர்களைப் பேருந்தில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கூட்டிவந்தது. வெற்றியாளரை நேரில் காணுங்கள் என்று பெயர். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று அவர் வேலை செய்வதைப் பார்ப்பார்கள். ஆலோசகர் பின்னணிக் குரல் கொடுப்பார்.

மூன்று சனிக்கிழமை அப்படியே போயிற்று. மைக்ரான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்வது ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் கேட்டால் சொல்லக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இல்லை. அதை அவர் நான்காவது தடவை படித்தபோது கவனித்திருந்தார். நான்காவது சனிக்கிழமை ஒருவர் கீழ் அளவைக் கேட்டார், சொன்னார். அடுத்த வாரம் நான்கு பேர் கேட்டார்கள், சொன்னார். அந்த வாரம் பேருந்து வந்தபோது நிறைந்திருந்தது, நிலையத்துக்குத் திரும்பியபோது ஓட்டுநரும் ஆலோசகரும் மட்டும் இருந்தார்கள்.

இயக்குநர் உடனே நடவடிக்கை எடுத்தார். தாளை மறுபடி அச்சடித்தார்கள். புகைப்படத்துக்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது: புகைப்படத்தில் உள்ளவரிடம் சம்பளம் பற்றி எதுவும் கேட்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருந்து வந்தது. மஞ்சள் கோட்டின் முன்வரிசையில் நின்ற ஒரு பெண், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி, தாளைக் கண்ணருகே வைத்து அந்தச் சின்ன வரியை மறுபடி படித்தாள். ஆலோசகர் மெஷினின் எடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கோட்டைத் தாண்டி வந்தாள்.

"அண்ணே, இவ்வளவு தூரம் வந்ததே இதைக் கேக்கத்தான். எவ்வளவுலேர்ந்து?"

மைக்ரான் கல்லை மேலே தூக்கி மெஷினை நிறுத்தினார். அது முழுதாகச் சுற்றி நிற்கும்வரை காத்திருந்தார். பின்வரிசைக்கும் கேட்க வேண்டும் அல்லவா.

"ஒன்பதாயிரத்து எண்ணூறும்மா," என்றார். "என் மச்சான் வாங்குறான். சீட்டு வேணும்னா காட்டச் சொல்றேன்."